கொர்தாய்ச் சாலையின் ஒரே பிரதி

ஷூ நகரம், அக்டோபர் 11

சின்னத்துரைக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் படை முகாமில் கையில் தரும் போனை நீ காலுறையும் குதிரை இறைச்சியும் அனுப்பச் சொல்வதிலேயே செலவழித்துவிடுகிறாய். அதனால் கடிதம். உறைகளின் மேல் உன் பெயரையும் படைப்பிரிவின் எண்ணையும் உன் அண்ணன் எண்ணெய் வயலுக்குக் கிளம்பும் முன் மொத்தமாக எழுதி வைத்துவிட்டார். கணவன் வீட்டு ஆண்களின் பெயரைச் சொல்லவோ எழுதவோ மாட்டாத மருமகளுக்கு அஞ்சல் துறை வேறு வழி வைக்கவில்லை. நான் அல்மாத்தியில் வேதியியல் படித்தவள். பெயரைச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். ஆனால் வாய் வருவதில்லை. இந்த வீட்டுக்கு வந்த அன்று உனக்குச் சின்னத்துரை என்று பெயர் வைத்தேன். அப்போது நீ மூக்கொழுகிக்கொண்டிருந்தாய்.

விஷயம் உன் கேம் பெட்டி. இரண்டு வாரமாக அதற்குள்ளிருந்து டிராக்டர் மேடு ஏறுவது போலச் சத்தம் வருகிறது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாக அணைந்துவிடுகிறது. நேற்று தொட்டுப் பார்த்தேன். ரொட்டி சுடலாம் போலிருந்தது.

யார் போட்டார்கள் என்று கேட்பாய். உன் அண்ணன் வந்திருந்தபோது போட்டார். அப்படியே விட்டுவிடலாமா, யாரிடமாவது காட்ட வேண்டுமா, எழுது. பழுதாய்ப் போனால் போகட்டும் என்றாலும் அதையும் எழுது. எனக்கு அந்த மேசையில் இடம் தேவைப்படுகிறது.

அண்ணி
கம்ஷாத்

---

அயாகோஸ், அக்டோபர் 22

அண்ணிக்கு,

பெட்டியைப் போடாதீர்கள். இதை முதலில் எழுதிவிடுகிறேன். யாரும் போடக் கூடாது. மேசையிலிருந்து நகர்த்தவும் வேண்டாம்.

அதன் மேல் உங்கள் வெல்வெட் துணியை விரித்திருக்கிறீர்களா? தங்க நூல் குஞ்சம் வைத்தது, கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது? நான் கிளம்பும்போதே நீங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். பெட்டியின் பக்கவாட்டிலும் பின்னாலும் காற்றுப் போக வேண்டும். துணியை எடுத்துவிடுங்கள். அடுப்பிலிருந்து பறக்கும் கரித்தூளும் உள்ளே போயிருக்கும்.

உங்களுக்கு அது விளையாட்டுச் சாமான். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் சொன்னதில்லை. அந்தக் கார்ப் பந்தய விளையாட்டில் நாமே சாலை போடுகிற பகுதி ஒன்று உண்டு. அதில் கொர்தாய்க் கணவாயின் பழைய சாலையை அடிவாரத்திலிருந்து உச்சி வரை நான் போட்டு வைத்திருக்கிறேன். வளைவு வளைவாக. மூன்று வருட வேலை. அல்மாத்தியில் விளையாட்டுகள் தயாரிக்கிற ஒரு சின்ன நிறுவனம் இருக்கிறது. அங்கே ஸாவுலே என்கிற அக்காள் அதன் வீடியோவைப் பார்த்துவிட்டு, படை வேலை முடிந்ததும் அசலைக் கொண்டு வா, ஓட்டிப் பார்க்கிறோம், பிடித்தால் உனக்கு இடம் உண்டு என்று சொல்லியிருக்கிறார். மே மாதம் எனக்குப் போக இருக்கிற ஒரே இடம் அது.

வேறு நகல் கிடையாது. நம் ஊரில் எல்லோரும் செய்வது போல நானும் பெட்டியைச் சந்தையில் கொடுத்து அதன் மென்பொருள் பூட்டை உடைத்துத் திறக்கச் செய்தேன், திருட்டு விளையாட்டுகள் ஓடுவதற்காக. அப்படித் திறந்த பெட்டியை இணையத்தில் சேர்த்தால் அதைத் தயாரித்த நிறுவனம் பூட்டிவிடும். அதனால் எதையும் வெளியே சேமிக்க முடியவில்லை. இருப்பதெல்லாம் பெட்டிக்குள் இருக்கிற ஹார்ட் டிஸ்க் தட்டில்தான். பெட்டி செத்தால் அந்தத் தட்டை வேறு எதிலும் படிக்க முடியாது.

ஆகவே ஒரு பென்டிரைவ் வாங்கி முன்பக்கம் சொருகுங்கள். செட்டிங்ஸ், அதில் சேமிப்பு, அதில் 'பென்டிரைவுக்கு நகலெடு', அதில் என் பெயர். இடையில் பெட்டி வேறு ஏதாவது கேட்டால், 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கவா' என்ற கேள்விக்கு மட்டும் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம். "ரோடு ஓட்டறதுக்குடா, வரையறதுக்கு இல்ல" என்றவர் அவர். நான் கிளம்பிய அன்று பேருந்து வரைக்கும்கூட வரவில்லை. பெட்டி போகிறது என்று தெரிந்தால் போய்த் தொலையட்டும் என்பார்.

இன்னொன்று. அண்ணனுக்குக் கன்ட்ரோலரின் எந்தப் பக்கம் மேல் என்றே தெரியாது. உண்மையில் யார் போட்டார்கள்?

சாயாத்

---

ஷூ, நவம்பர் 4

சின்னத்துரைக்கு,

துணியை எடுத்துவிட்டேன். பெட்டியும் நன்றாக இருக்க வேண்டும், வீடும் வீடு மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தது என் தவறுதான். நான் வேலை செய்கிற மருந்துக்கடையிலிருந்து காது கழுவுகிற ரப்பர் பந்து ஒன்றைக் கொண்டுவந்து துளைகளில் காற்றடித்தேன். பூனைக்குட்டி அளவுக்கு ஒரு கரிய பஞ்சு வெளியே வந்தது.

நான் ஊதிக்கொண்டிருந்தபோது உன் அப்பா வாசலில் வந்து நின்றார். "என்னம்மா பண்றே?" என்றார். "தூசி தட்டறேன் மாமா" என்றேன். தூசி தட்டுவதை ஒரு மனிதர் எவ்வளவு நேரம் பார்க்க முடியுமோ அதைவிட நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "மெதுவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி நடந்தது. பென்டிரைவ் வாங்கினேன். பெட்டியைப் போட்டேன். ஒரு கிண்ணம் தேநீரைச் சூடாகக் குடித்து முடிக்கிற நேரம் ஓடுகிறது, அவ்வளவுதான். நீ சொன்னபடி போனேன். பச்சைக் கோடு பாதி வரை வந்தது. அணைந்துவிட்டது. ஆற விட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் பாதி. பாதி நகல் எதற்கும் உதவாது என்று பெட்டியே எழுதிக் காட்டியது. மூன்றாவது முறை போட எனக்குத் துணிவு வரவில்லை. ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சீக்கிரம் அணைகிறது.

சந்தையில் பழுது பார்க்கிற இஸ்ஹார் இருக்கிறான், வெங்காயக் கிடங்குக்காரர்களின் மருமகன். அவனிடம் கொண்டுபோகலாமா?

ஒன்று கேட்க வேண்டும். யாருடைய சேமிப்பு என்று பெட்டி கேட்கும்போது மூன்று பெயர்களைக் காட்டுகிறது. ஒன்று உன்னுடையது. ஒன்று உன் அண்ணனுடையது. மூன்றாவதை நான் எழுத முடியாது, நீயே புரிந்துகொள்வாய். பெரியவர் பெயர். அதை நீ திறந்தாயா? எதற்கு?

யார் போட்டார்கள் என்ற கேள்விக்கு முன்பே பதில் எழுதிவிட்டேன்.

அண்ணி
கம்ஷாத்

---

அயாகோஸ், நவம்பர் 15

அண்ணிக்கு,

கெமல்பெக் என்ற பெயரில் நான் எதையும் திறக்கவில்லை. அப்பா பெயரை விளையாட்டில் போட எனக்கென்ன பைத்தியமா? அண்ணன் கேலிக்காகச் செய்திருப்பான். அதை அழித்துவிடுங்கள். தட்டு நிரம்பியிருந்தாலும் நகலெடுக்க நேரமாகும். அழித்தால் கொஞ்சம் வேகமாக ஓடலாம்.

இஸ்ஹாரிடம் கொண்டுபோங்கள். மின்விசிறியை மாற்றி, சிப்பின் மேல் சூட்டைக் கடத்துகிற பசையைப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஓடும் என்று நிச்சயமில்லை. ஓடுகிற முதல் தடவையே என் சேமிப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். விளையாடிப் பார்க்கிறேன், சோதித்துப் பார்க்கிறேன் என்று அவன் ஆரம்பித்தால் விடாதீர்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. போன ஞாயிறு ஸாவுலே அக்காளுக்குப் போன் செய்தேன். மே மாதம் வரை இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாதாம். புத்தாண்டுக்கு முன் சாலை அவர்கள் கையில் இருக்க வேண்டும். பிடித்தால் மே மாதம் வரை காத்திருப்பார்களாம். முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். பென்டிரைவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இங்கே காவல் பணிக்கு நிற்கிறபோது நான் அந்தச் சாலையைத்தான் மனதுக்குள் ஓட்டுகிறேன். அடிவாரத் தேநீர்க் கடை, முதல் ஏற்றம், இரட்டை வளைவு. குளிர் கொஞ்சம் மறக்கும். சில நேரம் எந்த வளைவுக்குப் பின் எது என்று குழம்புகிறது. அப்போது பயமாக இருக்கிறது. மறுபடி போட வேண்டும் என்றால் என்னால் முடியாது என்று நினைக்கிறேன்.

அந்த மூன்றாவதை அழித்துவிட்டு எழுதுங்கள்.

சாயாத்

---

ஷூ, நவம்பர் 27

சின்னத்துரைக்கு,

அழிக்கவில்லை.

என் முதல் கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது, இரண்டாவதில் அதையே திரும்பச் சொன்னேன். பெட்டியைப் போட்டது உன் அண்ணன் இல்லை. உன் அப்பா.

செப்டம்பரில் ஒரு நாள் மின்சாரம் போய்க் கடையை மதியமே அடைத்துவிட்டோம். நம் தெருவில் மின்சாரம் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் லாரி ஹாரன் சத்தம். கதவிடுக்கில் பார்த்தேன். பெரியவர் உன் அறையில் கம்பளத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணாடிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். வளைவு வரும்போது உடம்பு முழுவதும் சாய்ந்தது. வலது கால் கம்பளத்தை மிதித்துக்கொண்டிருந்தது, பிரேக்குக்காக. நான் சத்தமில்லாமல் வெளியே போய், கேட்டை ஓங்கிச் சாத்திவிட்டு மறுபடி வந்தேன். அன்றிலிருந்து தினமும் கேட்டருகே இருமிவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். தொண்டையில் ஏதாவது கோளாறா என்று அவரே ஒரு நாள் கேட்டார்.

மாமனார் மறைத்து வைத்திருப்பதை மருமகள் கண்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் உனக்கும் சொல்லவில்லை. உன் அண்ணனைப் போனில் மிரட்டியபோது ஒப்புக்கொண்டார். "அவர் கேட்டாரு, நான் திறந்து குடுத்தேன். தம்பிகிட்ட சொன்னா உன்னையும் சேத்துக் கிணத்துல போட்டுடுவேன்னாரு." சர்க்கரை வியாதியால் கண் மங்கி, லாரி ஓட்டும் உரிமத்தை அவரிடமிருந்து பறித்த பிறகு அவர் ஓட்டுகிற முதல் வண்டி அது என்று நினைக்கிறேன்.

அவர் ஓட்டுவது கொர்தாய்ச் சாலையை. ஓட்டுவது மட்டுமில்லை. அவர் இல்லாத நேரத்தில், பெட்டி செத்துவிடுமோ என்று பயந்துகொண்டே, அந்த மூன்றாவது பெயருக்குள் போய்ப் பார்த்தேன். உன் சாலையின் நகல் ஒன்று அங்கே இருக்கிறது, அதே பெயரில், பக்கத்தில் 2 என்று போட்டு. அவர் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார். எங்கே என்ன மாற்றினார் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னுடையதையும் ஓட்டினேன், அவருடையதையும் ஓட்டினேன். இரண்டிலும் ஒரே பள்ளத்தில் விழுந்தேன்.

பெட்டியிடம் இன்னும் ஒரு நகலுக்குத்தான் மூச்சு இருக்கும் போலிருக்கிறது. எதை எடுப்பது என்று நீதான் சொல்ல வேண்டும். நான் அவரிடம் கேட்க முடியாது. பார்க்கவே இல்லாத ஒன்றைப் பற்றி எப்படிக் கேட்பது?

நான் உனக்குப் பக்கமா அவருக்குப் பக்கமா என்று யோசித்துக்கொண்டிருக்காதே. எனக்கு இருவருக்கும் சமைக்க வேண்டியிருக்கிறது.

அண்ணி
கம்ஷாத்

---

அயாகோஸ், டிசம்பர் 8

அண்ணிக்கு,

என்னுடையதை எடுங்கள்.

நான் மூன்று வருடம் அந்த அறையில் உட்கார்ந்து அதைப் போட்டபோது அவர் ஒரு முறைகூடக் கதவைத் திறந்து என்ன செய்கிறாய் என்று கேட்டதில்லை. வளைவின் ஆரம் என்ன, சரிவு எவ்வளவு என்று நான் கேட்கப் போனால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். நான் இல்லாத நேரத்தில் என் பெட்டியில் என் சாலையைத் திருத்துவாரா? யாரைக் கேட்டு?

அவர் போட்டதால்தான் பெட்டி சாகிறது. அதையும் எழுதி வைக்கிறேன்.

அந்தச் சாலையில் என் பெயர் இருக்க வேண்டும். என்னுடையதை மட்டும் எடுங்கள். இஸ்ஹாரிடம் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

சாயாத்

எந்த வளைவை மாற்றியிருக்கிறார்? தேநீர்க் கடையைத் தாண்டி மூன்றாவதா? அது எனக்குச் சரியாக வரவேயில்லை.

---

ஷூ, டிசம்பர் 21

சின்னத்துரைக்கு,

இதை நின்றுகொண்டே படிக்காதே.

பெட்டியைப் போர்வையில் சுற்றி இஸ்ஹாரிடம் கொண்டுபோனேன். சந்தை நாள். கடைக்குள் நம் தெருக்காரர்களே நான்கு பேர். அவன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "விசிறி போயிடுச்சு, பசை மண்ணாயிருக்கு. மாத்திட்டா ஒரு தடவை எந்திரிக்கும் அக்கா. ரெண்டாவது தடவைக்கு நான் பொறுப்பில்ல. யாரோடதை எடுக்கணும்?" என்றான்.

"சின்னவரோடது" என்றேன்.

"பேரு சொல்லுங்க."

நான் சும்மா நின்றேன். அவன் சிரித்தான். "மூணும் உங்க வீட்டு ஆம்பளைங்க. மூணு பேரையும் சொல்ல மாட்டீங்க. நான் குறி கேட்டா எடுக்கறது?" கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். யாராவது பெயரை எடுத்துக் கொடுத்திருக்கலாம். நான் திணறுவதைப் பார்ப்பதில்தான் அவர்களுக்கு விருப்பம் இருந்தது.

முந்தின நாள் வீட்டில் திரையில் பெயர்கள் வரும் வரிசையைப் பார்த்து வைத்திருந்தேன். மேலே பெரியவர், நடுவில் நீ, கீழே உன் அண்ணன். "நடுவுல இருக்கறது" என்றேன். அவனும் சரி என்றான். எனக்கு மருந்துக்கடைக்கு நேரமாகியிருந்தது. போய்விட்டேன்.

கடைசியாக யாருடைய பெயருக்குள் போனோமோ அந்தப் பெயரைப் பெட்டி மேலே தூக்கிவைக்கும் என்பது எனக்குத் தெரியாது. இஸ்ஹாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விசிறியை மாற்றிப் போட்டிருக்கிறான். நடுவில் இருந்ததற்குள், அதாவது உன் பெயருக்குள், போயிருக்கிறான். உடனே அணைந்துவிட்டது. ஆற விட்டு மறுபடி போட்டிருக்கிறான். இப்போது நீ மேலே, பெரியவர் நடுவில். நடுவில் இருந்ததை எடுத்திருக்கிறான். கோடு கடைசி வரை ஓடியதாம். பிறகு பெட்டி அணைந்தது. மறுபடி எழவில்லை. அவன் அன்று முழுவதும் முயன்றான். மறுநாளும்.

பென்டிரைவைத் தன் பெட்டி ஒன்றில் சொருகிக் காட்டினான். திரையில் வந்த பெயரைப் படித்தேன். "நடுவுல இருக்கறதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க" என்றான். அது உண்மை.

உன்னுடையது போய்விட்டது. அவருடையது இருக்கிறது. ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும். நீ எழுதியும் இருந்தாய். இதற்கு மேல் என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அன்று மாலை தேநீர் ஊற்றும்போது பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்ததையும் சொன்னேன், இருமியதையும் சொன்னேன். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அவனுது போயிடுச்சா?" என்றார்.

"போயிடுச்சு மாமா."

"எனக்கு எதுக்கும்மா அது. அவனுதுதானே வேணும்."

 தேநீர் ஆறிவிட்டது. வேறு ஊற்றினேன். பிறகு, அந்த நிறுவனம் எப்போது கேட்கிறது என்று விசாரித்தார். சொன்னேன். "அப்ப இதையே அனுப்பு. அடியில கெடக்கறது அவன் போட்ட ரோடுதான். நான் மேல கை வச்சேன், அவ்வளவுதான்" என்றார்.

நீ வேண்டாம் என்பாய் என்று தெரியும். உன் பதிலுக்குக் காத்திருந்தால் புத்தாண்டு போய்விடும். இன்று காலை அனுப்பிவிட்டேன். சாலை என் கொழுந்தனார் போட்டது, திருத்தியது அவருடைய அப்பா, திரையில் வரும் பெயர் அப்பாவுடையது, தவறு என்னுடையது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். பெயர்களை இஸ்ஹார் எழுதிக் கொடுத்தான்.

அண்ணி
கம்ஷாத்

---

அயாகோஸ், ஜனவரி 19

அண்ணிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. நேரமில்லாமல் இல்லை. முதலில் ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நீங்கள் என்னோடு பேசமாட்டீர்கள்.

இரண்டு ஞாயிறு முகாமில் தந்த போனை நான் வாங்கவில்லை. மூன்றாவது ஞாயிறு ஸாவுலே அக்காளுக்குப் போட்டேன். கிடைத்ததாம், ஓட்டிப் பார்த்தார்களாம். உங்கள் தாளை அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம். ஏன் என்று கேட்டேன், சிரித்தார்.

பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். "ரோடு அழகா இருக்கு. ஆனா ரெண்டு வளைவுலதான் வண்டிக்கு எடை இருக்கு. கடையைத் தாண்டி மூணாவது ஒண்ணு, இரட்டை வளைவுல மேல உள்ளது ஒண்ணு. அங்க மட்டும் பின்னாடி இருபது டன் தள்ளுற மாதிரி இருக்கு. அது ரெண்டும் யாரோடது?"

என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. பக்கத்தில் சார்ஜென்ட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பாவோடது" என்றேன்.

"மத்தது?"

"என்னோடது."

"உண்மையைச் சொன்னே, சரி. ஆனா உண்மையைச் சொன்னதுக்காக இடம் குடுக்க முடியாது" என்றார். உச்சிக்கு முன்னால் வானொலிக் கோபுரத்துக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறதே, அங்கே வண்டி மிதக்கிறதாம். சாலை மேலே இல்லாமல் காற்றில் போவது போல இருக்கிறதாம். மே மாதம் அலுவலகத்துக்கு வந்து அந்த வளைவை அவர்கள் கண் முன்னால் நான் சரியாகப் போட்டுக் காட்ட வேண்டும். வண்டி தரையில் நின்றால் இடம் எனக்கு. அதுவரை வேறு ஆள் எடுக்கமாட்டார்கள்.

அந்த வளைவில் எங்கே தவறு என்று எனக்குத் தெரியவில்லை. படங்களைப் பார்த்து, அளவு எடுத்துத்தான் போட்டேன். உள்பக்கச் சரிவு, அதாவது சாலை வளைவின் உள்ளே சாய்ந்திருப்பது, எல்லா வளைவுக்கும் இருப்பது போல. இங்கிருந்து எதைப் பார்க்க முடியும்?

அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். அந்த அக்காள் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இல்லை, நான் கேட்டதாகவே சொல்லுங்கள்.

உங்கள் மேல் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மே மாதத்துக்குள் தீர்ந்துவிடும்.

சாயாத்

---

ஷூ, மார்ச் 14

சின்னத்துரைக்கு,

இவ்வளவு தாமதத்துக்கு நான் காரணமில்லை. பனி காரணம்.

உன் கடிதத்தை அவரிடம் முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். "யாரோடது" என்று ஸாவுலே கேட்ட இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.  மூக்கைச் சிந்திக்கொண்டார். அன்று அவருக்குச் சளி பிடித்திருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

கோபுர வளைவைப் பற்றிக் கேட்டதும், "அதை நானும் ரெண்டு தடவை மாத்திப் பாத்தேன். வரல" என்றார். உள்பக்கச் சரிவைக் கூட்டிப் பார்த்தாராம், குறைத்துப் பார்த்தாராம். வண்டி மிதந்ததாம். விளையாட்டில்தான் கோளாறு என்று விட்டுவிட்டாராம்.

அதற்குப் பிறகு அவர் நிம்மதியாக உட்காரவில்லை. சாப்பிடும்போது தட்டைச் சாய்த்துப் பார்க்கிறார். பனி எப்போது உருகும் என்று கேட்கிறார். நான் வானிலை இலாகா இல்லை என்றேன். இப்போதெல்லாம் அவரிடம் நானும் கொஞ்சம் பேசுகிறேன்.

நேற்று காலை சொல்லாமல் கிளம்பிவிட்டார். அல்மாத்திக்கு வெங்காயம் ஏற்றிப்போகிற லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. பழைய கணவாய்ச் சாலை வழியாகப் போகச் சொல்லி அந்தப் பையனோடு சண்டை. அவன் புதுச் சாலையில் போகிறவன். "தாத்தா, டீசல் யாரு போடுவா?" என்று கேட்டிருக்கிறான். என்ன பேசினாரோ, ஒத்துக்கொண்டிருக்கிறான்.

இருட்டுவதற்கு முன் எதிரே வந்த வேறு லாரியில் திரும்பிவந்தார். காலணி முழுக்கச் சேறு. கழற்றக்கூட இல்லை, வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எறங்கி நின்னு பாத்தேன். கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, ரோடு மட்டமாத்தான் இருக்கு. ஒரு வெங்காயத்தை எடுத்து நடு ரோட்டுல வச்சேன். உள்பக்கம் உருளும்னு பாத்தா, வெளிப்பக்கமா உருண்டு பள்ளத்துல போயிடுச்சு. இன்னொண்ணு வச்சேன். அதுவும் வெளிய. அந்தப் பையன், தாத்தா போதும், யாவாரத்துக்கு மிச்சம் வைங்கன்னான். அந்த எடத்துல வெளி ஓரம் எறங்கியிருக்கு. சரிவு வெளிப்பக்கம். எப்பவுமே அப்படித்தான் இருந்திருக்கணும். அங்க வரும்போதெல்லாம் என் கை தானா வேகத்தைக் குறைச்சு ஸ்டியரிங்கை ஒரு பிடி அதிகமாத் திருப்பியிருக்கு. கைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல."

நான் தேநீர் ஊற்றப் போனேன். பின்னாலேயே சமையலறைக்கு வந்தார். இந்த வீட்டில் நான் வந்த நாளிலிருந்து அவர் சமையலறைக்குள் கால் வைத்ததில்லை.

"அவனுக்கு எழுது. சரிவு வெளிப்பக்கம், ஒரு விரல்கடை. அதுக்கு மேல வேண்டாம். இவ்வளவு வருஷம் ஓட்டினவனுக்கே தெரியாம இருந்ததுன்னு எழுது. நான் போட்டதும் தப்புன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

அண்ணி
கம்ஷாத்